நேற்று வந்த ஆறு

என் நானா ஜியாவுல்லாவைப் பற்றி மாதனூர்ப் பக்கம் யாரிடம் கேட்டாலும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பேசுவார்கள். அதே ஆளைப் பற்றி ஆற்றுக்கு வடகரையில், எங்கள் பேட்டையில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். நானா என்றால் எங்கள் உருதுவில் அம்மாவின் அப்பா. நான் பில்கிஸ், அவருடைய ஒரே மகள் சைராவின் மகள். இரண்டு கரைக்காரர்களும் சொல்வது உண்மைதான். அதனாலேயே இரண்டு கரைக்காரர்கள் மேலும் எனக்கு எரிச்சல் வரும்.

வாணியம்பாடியில் தோல் வாங்க வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சமைத்துப் போடுவதும், அவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுப்பதும் நானாவின் பிழைப்பு. உருது, தமிழ், அவர் இங்கிலீஷ் என்று நம்பிய ஒன்று, மூன்றும் அவர் வாயில் தடையில்லாமல் ஓடும். யாராவது இரண்டு வார்த்தை சொன்னால் அதை நான்காக்கிக் கொடுப்பார். ‘எலும்பு மட்டும் கொடுத்தா யார் சாப்பிடுவாங்க, கொஞ்சம் மசாலா போடணும்’ என்பார். அந்த மசாலாவால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை, அந்த வருஷம் வரைக்கும்.

முதல் யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. அம்மாவை எங்கள் பேட்டையில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை இஷ்தியாக் அகமது, தோல் பதனிடும் கிடங்கில் வேலை. கல்யாண விருந்துக்கு நானா தன் கையாலேயே சமைத்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ‘பன்னி தின்றவனுக்குச் சமைக்கிற கை, அந்தக் கரண்டி எதிலெல்லாம் போய் வந்ததோ’ என்று சொல்லிவிட்டார். பந்தியே எழுந்துவிட்டது. இருபது வயசுப் பையனான மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நானா சபையிலேயே ஆணையிட்டார்: ‘இந்த மாப்பிள்ளை தானா ஆத்தங்கரைக்கு வந்து என்னைக் கூப்பிடணும். அதுவரைக்கும் அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்.’

இஷ்தியாக் வரவில்லை. பயம், கூச்சம், வீட்டுப் பெரியவர்கள். நானாவும் போகவில்லை. அம்மா உண்டானபோது தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்புகிற வழக்கத்தைக்கூட அந்த வீம்பு முறித்துப் போட்டது. கூப்பிட இவர் போனால்தானே அவர்கள் அனுப்புவார்கள்! நானி முன்னமே இறந்துவிட்டதால் நானாவை இழுத்துப் பிடிக்க வீட்டில் ஆள் இல்லை. மாசம் நிறைந்துவிட்டது என்று பேட்டையிலிருந்து வந்த வண்டிக்காரன் சொன்ன அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லையாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹூபர் துரை வந்து சேர்ந்தார்.

அவர் சுவிட்சர்லாந்துக்காரர். தோல் பார்க்க வந்தவர், வேலை முடிந்தும் கப்பலுக்கு நாள் இருந்ததால் பாலாற்றங்கரையோடு வேலூர்வரை நடக்க வேண்டும் என்றார். அவர்கள் நாட்டில் அப்படித்தானாம். ஆற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக நடப்பார்கள், கிடைத்த இடத்தில் தூங்குவார்கள், அதற்குப் பெயர் ஓய்வு. ரயில் இருக்கும்போது நடக்கிற துரையை வாணியம்பாடி அதற்கு முன் பார்த்ததில்லை. ‘கால்நடை துரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானாவுக்கு மட்டும் அந்தப் பைத்தியக்காரத்தனம் அல்லா அனுப்பியதாகப் பட்டது. நடக்கிற வழியில் எங்கள் பேட்டை வரும். மகளைப் பார்க்கப் போவதாக ஆகாது, துரையோடு போவதாக ஆகும். கரையில் துரை நின்றால் ஊரே வேடிக்கை பார்க்க வரும், மாப்பிள்ளையும் வருவார், வந்தவர் ‘வாங்க மாமா’ என்று ஒரு வார்த்தை சொல்லாமலா போவார்? பிள்ளை பிறப்பதற்குள் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும். நானா போட்ட கணக்கெல்லாம் அவ்வளவுதான்.

அந்த நடை முடிந்தபோது எங்கள் வீட்டில் ஓர் ஆள் கூடியிருந்தது, ஓர் ஆள் குறைந்திருந்தது. கூடியது நான்.

மழை பொய்த்த வருஷம். ஐப்பசியிலும் ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. முதல் நாள் வாணியம்பாடியைத் தாண்டி இறங்கியதும் துரை சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ‘ஆறு எங்கே?’ என்று கேட்டார். ஆற்றின் நடுவில் நின்றுகொண்டுதான் கேட்டார். நானா காலால் மணலைத் தட்டி, ‘இதுதான் சார் ரிவர். தண்ணி கீழே இருக்கு’ என்றார். துரை நம்பவில்லை. கையால் தோண்டிக் காட்டினார். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறி வந்ததும் துரை குழந்தை மாதிரிச் சிரித்தாராம்.

கரையோரத்துத் தோல் கிடங்குகளின் சுண்ணாம்பு நாற்றமும் ஆவாரம்பட்டை நாற்றமும் மூக்கை விட்டுப் போக அரை நாள் ஆயிற்று. பிறகு தென்னந்தோப்பு, காய்ந்த கேழ்வரகுக் கொல்லை, தோப்புக்குப் பின்னால் பத்திருபது கூரை. துரை ஒவ்வோர் ஊரிலும் நின்றார். வெள்ளைக்காரன் நடந்து வருகிறான் என்றால் வரி போடத்தான் என்று நினைத்துச் சில ஊரில் கதவைச் சாத்தினார்கள். மின்னூர்ப் பக்கம் ஒரு சாவடியில் இடம் கிடைத்தது. இருட்டுகிற நேரம் மேற்கே, மைசூர் மலைப் பக்கம், சத்தமே இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. களி கிண்டிக் கொடுத்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, ‘நமக்குப் பேயாத மழை எவனுக்கோ பேயுது’ என்று முனகிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் மணலில் இறங்க ஓர் ஆட்டுமந்தை மறுத்தது. மேய்க்கிறவன் அடித்துப் பார்த்தான், அம்மா அப்பாவை இழுத்துத் திட்டிப் பார்த்தான். முன்னால் நின்ற கிடா ஆற்றைப் பார்த்தபடி மூக்கை விடைத்துக்கொண்டு நின்றதே தவிர நகரவில்லை. துரைக்கு அது வேடிக்கை. நானாவும் சிரித்தார். ஆம்பூர் தாண்டி மறுபடி ஊற்றுத் தோண்டியபோது மணிக்கட்டு ஆழத்திலேயே தண்ணீர் வந்துவிட்டது. முதல் நாள் முழங்கை, இப்போது மணிக்கட்டு. கரையில் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்தன.

இதையெல்லாம் பிற்பாடு நானாவே எங்களிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்கிற எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு இது தெரியாதா? கண் பார்த்தது, காது கேட்டது. புத்தி மட்டும் முன்கூட்டியே பேட்டைக்குப் போய் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

மாதனூருக்கு நேரே ஆறு மிகவும் அகலம். தென்கரையில் நின்றால் வடகரை ஆள் சோளக்கொல்லைப் பொம்மை அளவுக்குத்தான் தெரிவான். அந்த வடகரைதான் எங்கள் பேட்டை. தென்கரை ஓரமாக மணலுக்குள் ஒரு சின்ன ஊரே இறங்கியிருந்தது. மழை இல்லாததால், இருக்கிற பயிரையாவது காப்பாற்ற, ஆற்றுக்குள் ஊற்றுக்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் மறைகிற ஆழம், நீண்ட பள்ளம். ஆண்கள் வெட்ட, பெண்கள் கூடையில் மணல் சுமக்க, பள்ளத்துக்குப் பக்கத்திலேயே தூளி கட்டிப் பிள்ளைகளைப் போட்டிருந்தார்கள். வேலையை நடத்தியவர் ஏகாம்பரம் என்கிற குடியானவர். அன்று காலையிலிருந்து பள்ளத்தில் தண்ணீர் தானாகவே பொங்குகிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

‘பாரு பாய், மூணு நாளா வெட்டுறோம், சொட்டு வரல. இன்னிக்கு பாரு எப்பிடிப் பொங்குதுன்னு! துரை கால் வெச்ச நேரம்’ என்றார்.

துரைக்கு அதை நானா மொழிபெயர்த்தார். துரை தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார்.

அப்போதுதான் வடகரையில் ஒருவன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். லுங்கியும் தலைக்குட்டையும் தூரத்திலேயே தெரிந்தன, ஏதோ தோல் கிடங்கு ஆள். மேல்காற்று ஆற்றோடு அடித்துக்கொண்டிருந்தது. அவன் சொன்னதில் இரண்டு வார்த்தைதான் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது. ஒன்று ‘நதி’. இன்னொன்று ‘கல்’. இரண்டு கையையும் ஆட்டிவிட்டு, கிழக்கே அடுத்த ஊரைப் பார்த்து ஓடிவிட்டான்.

வேலை நின்றுவிட்டது. பெண்கள் கூடையை இறக்கிவிட்டுத் தூளிப் பக்கம் போனார்கள். அங்கே உருது தெரிந்தவர் நானா ஒருவர்தான்.

‘இன்னா சொல்றாரு பாய்? கல்லுன்றாரே, இன்னா கல்லு?’ என்று ஏகாம்பரம் கேட்டார். ‘ஆறு கீறு வருதாமா? ஏறிடலாமா?’

உருதுவில் கல் என்றால் நேற்று. நாளைக்கும் அதே கல்தான். எது என்பதைப் பின்னால் வருகிற வினைதான் சொல்லும், அந்த வினையைக் காற்று கொண்டுபோய்விட்டது. வீட்டுக்குள் பேசும்போது இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. ஆற்றின் குறுக்கே கத்துவதற்கு அந்தச் சொல் ஏற்பட்டதில்லை.

நாளைக்கு என்று சொன்னால் துரை இந்தக் கரையிலேயே தங்கிவிடுவார். ரயிலேறிப் போய்விடவும் கூடும். ஆறு வந்துவிட்டால் அப்புறம் கடப்பது எப்போதோ. எதிரே, பார்க்கிற தூரத்தில் மகள் நிறைமாசமாக இருக்கிறாள். நானா யோசிக்கவே இல்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை.

‘நேத்து வந்துச்சாம்’ என்றார். வழக்கம்போல மசாலாவும் போட்டார். ‘மேல ரெண்டு ஊரு தாண்டுறதுக்குள்ள மணலே குடிச்சிருச்சாம். இனிமே ஒண்ணும் இல்ல. நீங்க வேலையைப் பாருங்க.’

ஏகாம்பரம் முகம் மலர்ந்துவிட்டது. ‘அதான் ஊத்து பொங்குது’ என்றார். எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது. பெண்கள் திரும்பக் கூடையைத் தூக்கினார்கள். ஆண்கள் பள்ளத்துக்குள் குதித்தார்கள்.

நானாவும் துரையும் மணலில் இறங்கிக் கடக்கத் தொடங்கினார்கள். நானா புதுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார், தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். பாதி ஆறு தாண்டியதும் வடகரையில் ஆட்கள் கூடுவது தெரிந்தது. துரையைப் பார்க்கத்தான் என்று நினைத்தார். கூட்டத்திலிருந்து ஓர் ஆள் பிரிந்து, கரைச்சரிவில் இறங்கி, கையை உயர்த்தினான். நடையிலேயே தெரிந்துவிட்டது. இஷ்தியாக்.

‘அல்லா, வந்துட்டான்’ என்று நானா வாய்விட்டுச் சொன்னாராம். கண் கலங்கிவிட்டதாம்.

கலங்கின கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தபோதுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. இஷ்தியாக்குக்குப் பின்னால் நின்றவர்கள் துரையை வேடிக்கை பார்க்கவில்லை. தலையில் பானை, பெட்டி, சுருட்டிய பாய். இரண்டு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு ரயில் மேட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆட்டை இழுத்துக்கொண்டு ஒரு கிழவர். நேற்றே வந்து போன ஆற்றுக்கு இன்றைக்கு யாராவது கட்டிலைத் தூக்குவார்களா? நானா குனிந்து தன் காலைப் பார்த்தார். மிதித்த இடமெல்லாம் தண்ணீர் நிற்கிறது.

ஓடி வந்த ஆள் கத்தியது முழுவதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ‘கல் தலாவ் ஃபூட்டா, நதி ஆரீ.’ நேற்று ஏரி உடைந்துவிட்டது, ஆறு வந்துகொண்டிருக்கிறது. மைசூர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஏரி. நானா சொன்ன நேற்று சரிதான். எது நேற்று என்பதுதான் தப்பு.

எட்டி ஓடினால் வடகரை. மகள், மாப்பிள்ளை, ஒன்றரை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை எல்லாம் அங்கே. பின்னால் பள்ளத்துக்குள் அத்தனை பேர், அவர் சொன்னதை நம்பி. ஆள் மறைகிற பள்ளத்தில் நிற்கிறவனுக்கு ஆறு வருவது எப்படித் தெரியும்? நானா துரையின் தோளைப் பிடித்து இஷ்தியாக் பக்கம் தள்ளினார். ‘ஓடுங்க சார்! அதான் என் மருமகன், அவன்கிட்ட ஓடுங்க!’ என்று கத்திவிட்டுத் திரும்பித் தென்கரையைப் பார்த்து ஓடினார்.

அவர் ஓடியதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓடாமல் இருந்திருந்தால்தான் நான் அவரை நானா என்று கூப்பிட்டிருக்க மாட்டேன்.

ஆனால் வடகரையில் நின்ற பையனுக்கு என்ன தெரியும்? மாமனார் வந்தார், தன்னைப் பார்த்தார், பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே ஓடுகிறார். கல்யாணப் பந்தியில் வாய் திறக்காத குறை அவர் மனசில் ஒன்றரை வருஷமாக இருந்திருக்கிறது. ‘மாமா! மாமா!’ என்று கூப்பிட்டுக்கொண்டு என் அப்பா மணலில் இறங்கினார். கரையில் இருந்தவர்கள் தடுத்தார்கள். ‘ஒரு நிமிஷம், கூட்டிக்கிட்டு வந்துடறேன்’ என்று கையை உதறிவிட்டு ஓடினாராம்.

நானாவுக்கு அந்தக் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்து, ‘போ! போ!’ என்று இரண்டு கையையும் வீசினார். காற்றில் சொல் போய்ச் சேரவில்லை, வீசிய கை மட்டும் தெரிந்தது. கோபக்காரர் விரட்டுகிற கைக்கும் காப்பாற்றுகிற கைக்கும் தூரத்திலிருந்து என்ன வித்தியாசம்? அப்பா இன்னும் வேகமாக ஓடி வந்தார். நானா அதைப் பார்க்கவில்லை. சொல்லிவிட்டோம், திரும்பிவிடுவான், ஆற்றங்கரைப் பையன்தானே என்று பள்ளத்தை நோக்கி ஓடினார்.

‘ஏறுங்க! ஆறு வருது! நான் சொன்னது தப்பு, ஏறுங்க!’

ஏகாம்பரத்துக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. அப்புறம் கூடையும் மண்வெட்டியும் போட்டது போட்டபடி கிடக்க, பிள்ளைகளைத் தூளியோடு அறுத்துத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கரையேறினார்கள். பள்ளத்தின் கோடியில் இருந்த ஒரு பெண்ணை நானாவே தலைப்பாகையை வீசி இழுத்தார். அவள் கால் கரையில் பட்டபோது மேற்கே பாரவண்டிகள் பல சேர்ந்து பாறைமேல் வருவதுபோல ஒரு சத்தம். பிறகு ஆறு வந்தது. பழுப்பு நிறத்தில், நுரையும் சருகும் ஆவாரம்பட்டையும் செத்த நாயும் புரட்டிக்கொண்டு, கரைக்குக் கரை வந்தது. ஊற்றுக்கால் இருந்த இடம் தெரியவில்லை.

தலையை எண்ணினார்கள், ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை. ஏகாம்பரம் நானாவின் காலில் விழுந்தார். தப்பாகச் சொன்னவனும் நான்தான் என்று நானா சொல்லிப் பார்த்தார், யாரும் காதில் வாங்கவில்லை. சாமியே பாய் வேஷத்தில் வந்தது என்று ஒரு பாட்டி சொல்லிவிட்டாள், அந்தப் பேச்சு இன்றைக்கும் அங்கே நடக்கிறது.

ஆறு வடியச் சில நாள் ஆயிற்று. ரயில் பாலத்து வழியையும் அடைத்துவிட்டார்கள். அந்த நாளெல்லாம் நானா தென்கரையில், ஏகாம்பரம் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருந்தார். தினமும் ஆற்றோரம் போய் நின்று பார்ப்பார். வடகரையில் துரையின் தொப்பி தெரிந்தது. துரை கரையேறிவிட்டார் என்றால் கூட்டிக்கொண்டு போனது மாப்பிள்ளையாகத்தான் இருக்கும். அப்படித்தான் நினைத்தார். சொல்லப்போனால் அந்த நாட்களில் அவர் சந்தோஷமாக இருந்தார். ‘என் மருமகன் ஆத்தங்கரைக்கே வந்து கூப்பிட்டான். ஊரே பார்த்துச்சு’ என்று ஏகாம்பரத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

தண்ணீர் இடுப்புக்கு இறங்கியதும் ஏகாம்பரத்தின் ஆட்கள் கயிறு பிடித்து அவரை அக்கரை சேர்த்தார்கள். மகளுக்கென்று ஊர்க்காரர்கள் கொடுத்த வெல்லமும் ஒரு சேவலும் கையில். பேட்டையில் எதிர்ப்பட்டவர்கள் சலாம் சொல்லிவிட்டு ஒதுங்கினார்கள். வெள்ளத்தில் வீடு வாசல் நனைந்த வருத்தம் என்று நினைத்துக்கொண்டார். வீட்டின் முன்னால் போய் நின்றார், படியேறவில்லை. உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது, அது நான். நானாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்த ஒரு வார்த்தையை இனிமேல் விட்டுக்கொடுக்க முடியுமா? குரலை உயர்த்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, விளையாட்டாகச் சொன்னார்:

‘எங்கே என் மாப்பிள்ளை? மாமனார் வாசல்ல நிக்கிறேன். வந்து கூப்பிடச் சொல்லுங்க!’

வாசல் திரை விலகியது. பிள்ளை பெற்ற உடம்போடு, சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்து நின்றாள். அவள் அழவில்லை.

‘கூப்பிடத்தான் வந்தாரு அப்பாஜான்’ என்றாள். ‘உங்க பின்னாடியே ஓடி வந்தாரே. நீங்க பார்க்கலியா?’